ஹெலிக்குக் கூடு போடுவது: யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் இறைப்பு மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். கடையின் பின்னறையில், எரிந்துபோன பம்பிகளுக்கு நடுவே, ரிமோட்டில் பறக்கும் இரண்டு ஹெலிகொப்டர்கள் தொங்குகின்றன. பம்பி திருத்த வருகிறவர்கள் தலையை உள்ளே நீட்டி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அடுத்த வாரம் வந்து அவற்றையே மறுபடியும் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டை தப்பும் என்று எழுதினேன்.

ஒரு சொல் விளக்கம். உண்மையான ஹெலிகொப்டரின் உருவத்தில் செய்த வெளியுறையை வெளிநாட்டுக்காரர் 'பொடி' என்பார்கள். நம் ஊரில் அது பிணத்துக்குச் சொல்லும் சொல், சொன்னால் ஆட்கள் சால்வையோடு வந்துவிடுவார்கள். ஆகவே 'கூடு' என்றே எழுதுகிறேன்.

கூடு என்றால் என்ன? வாங்கும்போதே முன்னுக்கு ஒரு மூடி இருக்கிறதே?

அது முகமூடி மட்டும்தான். பொதுவாக விற்கும் மாதிரி ஹெலியில் ஒரு சட்டகம், அதன் முன்னால் ஒரு மூடி, பின்னால் மொட்டையாக ஒரு வால்குழாய். தும்பி போல இருக்கும். கூடு என்பது அந்தச் சட்டகத்தையும் வால்குழாயையும் சேர்த்து முழுதாக மூடுவது. கதவு, கண்ணாடி, சறுக்குக்கால், விமானி பொம்மை எல்லாம் அதில் வரும். உள்ளே இருக்கும் பொறி அதேதான்.

இது புதிய மோகம் என்று நினைக்க வேண்டாம். மாதிரி ஹெலிகொப்டரைக் கட்டுப்பாட்டோடு பறக்க வைத்த முன்னோடி ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர். 1970ஆம் ஆண்டையொட்டி அவர் பறக்கவிட்டதே பெல் ஹியூகோப்ரா உருவக் கூடு போட்ட ஹெலிதான்.

மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஹெலி ஒன்று இருக்கிறது. அதற்குக் கூடு போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு றோட்டர் சுற்றும் விளையாட்டு ஹெலிகளில் பிளேட்டின் சாய்கோணம் மாறாது. மேலே போக வேண்டுமானால் மோட்டர் வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவே. தன் எடையைத் தூக்கவே அது திணறும். கூடு போட வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேட்டின் கோணத்தை மாற்றக்கூடிய ஹெலி வேண்டும்.

எந்த அளவு வாங்கினால் நல்லது?

450, 500, 600 என்று அளவுகளைச் சொல்வார்கள். 450 என்றால் ஒரு பிளேட் 325 மில்லிமீற்றர், 500 என்றால் 425, 600 என்றால் 600. 450 மலிவு, மூன்று செல் பற்றரியில் ஓடும், மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் கூடு போட்டால் உள்ளே விரல் நுழையாது. ஒரு சேர்வோவின் (பிளேட்டின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டரின்) வயர் கழன்றால் பாதி ஹெலியைப் பிரிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 500. பெரிதாகப் பெரிதாக ஹெலி நிதானமாகப் பறக்கும், காற்றுக்கும் பதறாது. 600 இன்னும் அழகு. ஆனால் விழுந்தால் வரும் செலவில் ஒரு பம்பி வாங்கலாம். அந்த அளவில் பிளேட் மனித உயிரையே எடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கூடாக எந்த ஹெலிகொப்டரைத் தெரிவது?

பெல் 206 நல்ல தெரிவு. உண்மையானதற்கும் இரண்டு பிளேட்தான். மாதிரியின் தலையை, அதாவது பிளேட்டுகள் பூட்டியிருக்கும் நடுப்பகுதியை, மாற்றவே தேவையில்லை. வயிறு அகலம், பற்றரிக்கு இடம் உண்டு. ஹியூஸ் 500 முட்டை வடிவம், உறுதியானது, ஆனால் வால் குட்டை. பறக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூரத்தில் குழப்பும்.

நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. பெரும்பாலான மாதிரி ஹெலிகளின் றோட்டர் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். அமெரிக்காவின் பெல்லும் ஹியூஸும் எதிர்த்திசையில் சுற்றும். பிரான்சின் ஏ.எஸ். 350 கடிகாரத் திசையில் சுற்றுவது. அதற்கு மூன்று பிளேட். 2005 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் இறங்கியது அந்த இனத்து ஹெலிகொப்டர்தான். திசை தவறு என்று யாரும் விரல் நீட்டக்கூடாது என்றால் அதை எடுங்கள். என்னிடம் இருப்பது தவறான திசையில் சுற்றும் பெல் 206. இதுவரை ஒரே ஒருவர்தான் கண்டுபிடித்தார், அவரும் விமானப் பொறியியல் படித்தவர்.

பெட்டியைத் திறந்த அன்றே கூட்டைப் பூட்டிவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட வேண்டாம். மொட்டை ஹெலியாகக் குறைந்தது இருபது தடவையாவது பறக்க விடுங்கள். கூடு போட்டால் எடை ஏறும், உள்ளே சூடு தங்கும், அதிர்வு கண்ணுக்குத் தெரியாமல் போகும். மொட்டையாக இருக்கும்போது ஒரு போல்பெயரிங் முனகினால் காதுக்குக் கேட்கும். கூட்டுக்குள் போனபின் எல்லாம் ஒரே இரைச்சல்.

இரண்டு பிளேட்டும் ஒரே மட்டத்தில் சுற்றுகின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். ஒன்றின் நுனியில் சிவப்பு நாடா ஒட்டி, கண்மட்டத்தில் மிதக்க விட்டு, ஐந்து மீற்றருக்கு அப்பாலிருந்து பாருங்கள். சிவப்புக் கோடு தனியாக மேலேயோ கீழேயோ தெரிந்தால் அந்தப் பிளேட்டின் இணைப்புத்தண்டை அரைச்சுற்றாக முறுக்கித் திருத்துங்கள். கிட்டப் போய்க் குனிந்து பார்க்கும் வீரம் வேண்டாம்.

தலையை அலுமினியமாக மாற்றினால் ஹெலி நன்றாகப் பறக்குமா?

நன்றாக மின்னும். பிளாஸ்ரிக் தலை விழுந்தால் உடைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அலுமினியத் தலை உடையாமல் அடியை நடுத்தண்டுக்கு அனுப்பும், தண்டு வளையும். பழைய தலையில் ஆட்டம் விழுந்திருந்தால் மாற்றுவதில் நியாயம் உண்டு. நீல நிறம் பிடித்திருக்கிறது என்பது நியாயமில்லை, ஆசை. ஆசைக்குச் செலவழிப்பதை நான் தடுக்கவில்லை.

காசு குறைவென்றால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் பெயரிங்குகள், பிறகு உலோகப் பல் உள்ள சேர்வோக்கள், பிறகு மூன்று அச்சுக் கைரோ, அதாவது ஹெலி ஆடுவதை உணர்ந்து தானே திருத்தும் கருவி. பழைய ஹெலிகளில் தலைக்குமேல் துடுப்புள்ள தண்டு ஒன்று குறுக்கே ஓடும். நிலைப்படுத்துவது அதன் வேலை. உண்மையான பெல் 206இல் அப்படியொன்று இல்லை. மூன்று அச்சுக் கைரோ வைத்தால் அந்தத் தண்டைக் கழற்றிவிடலாம், தோற்றமும் சரியாகிவிடும். உலோகத்தில் உலோகம் பூட்டும் ஒவ்வொரு திருகாணிக்கும் நீல நிறப் பூட்டுப்பசை ஒரு துளி இட மறக்க வேண்டாம். பிளாஸ்ரிக்கில் அதை இட்டால் சில வகைகள் வெடித்துவிடும்.

என்னுடையது நுளம்பு போலக் கத்துகிறது. உண்மையானது போல மெதுவாகச் சுற்ற வைப்பது எப்படி?

மோட்டர்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. 450 ஹெலியை எடுத்துக்கொள்வோம். மோட்டர் 3,500 கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,500 சுற்று. மூன்று செல் பற்றரி 11.1 வோல்ட், பெருக்கினால் 38,850. மோட்டரின் சிறு சக்கரத்துக்கு ('பல்' என்போம்) 13 பற்கள், பெரிய சக்கரத்துக்கு 150 என்றால் றோட்டர் 3,367 சுற்றும். சுமையில் ஏறத்தாழ 15 விழுக்காடு விழும். 2,850 என்று வையுங்கள். கூடு போட்ட ஹெலிக்கு 1,900 போதும்.

ரிமோட்டில் திறப்பை, அதாவது மோட்டருக்குப் போகும் மின்சாரத்தின் அளவை, குறைத்து 1,900க்குக் கொண்டுவருவதுதான் எல்லோரும் செய்வது. ஈ.எஸ்.சி. என்ற வேகக் கட்டுப்படுத்தி பாதித் திறப்பில்தான் அதிகம் சூடாகும். அதைக் கூட்டுக்குள் அடைத்தும் வைத்திருக்கிறீர்கள். 13 பல்லைக் கழற்றி 10 பல் போடுங்கள். சுமையில் 2,200 வரும். அங்கிருந்து வேக நிலைநிறுத்தியால் 1,900க்கு இறக்கினால் கட்டுப்படுத்தி கிட்டத்தட்ட முழுத் திறப்பிலேயே குளிர்ச்சியாக ஓடும். பல் ஒன்றின் விலை சொற்பம்.

ஆனால் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு மாறும். 2,850இலிருந்து 1,900 என்றால் மூன்றில் இரண்டு; தூக்குவிசை ஒன்பதில் நான்கு. மீதியைப் பிளேட்டின் கோணத்தைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். எடை மிஞ்சிய கூட்டோடு இதைச் செய்தால் கோணம் எல்லைக்குப் போய், பிளேட் காற்றை விட்டுவிடும். ஒரேயடியாக இறங்காமல் நூறு நூறாகக் குறைத்துப் பாருங்கள்.

நான்கு பிளேட் தலை போட்டால்?

மேலே சொன்ன சிக்கலுக்கு அதுதான் முறையான பதில். பிளேட்டின் பரப்பு இரண்டு மடங்கானால், அதே கோணத்தில் அதே தூக்குவிசைக்கு வேகம் ஏறத்தாழ 0.7 மடங்கு போதும்: 2,850க்குப் பதில் 2,000. ஓசையும் கனத்துவிடும். பெல் 412 கூடு என்றால் நான்கு பிளேட் இல்லாமல் பார்க்கவே முடியாது.

விலை வேறிடத்தில் வரும். நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது நவக்கிரகத்தை ஒரே திசையில் திருப்புவது போன்ற வேலை. நான்கு நிற நாடா ஒட்டி, ஒரு பிளேட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்குப் பொருத்துங்கள். தலையின் இணைப்புகள் சாய்ந்து இருப்பதால், முன்னால் தள்ளினால் சற்றுப் பக்கமாகவும் சாயும் குணம் வரலாம். கைரோவின் அமைப்பில் சாய்வுத்தட்டின் (சேர்வோக்களின் அசைவைப் பிளேட்டுகளுக்குக் கொடுக்கும் தட்டின்) திசையைச் சில பாகை திருப்பும் வசதி இருக்கும், அங்கே சரிசெய்யுங்கள்.

கூடு போட்டதும் பின்னால் சாய்கிறது. மூக்கில் ஈயம் வைக்கவா?

பிளேட்டுகளை வாலின் நேர்க்கோட்டில் நிறுத்தி, தலையைப் பிடித்து ஹெலியைத் தூக்குங்கள். மட்டமாகத் தொங்க வேண்டும். வால் தாழ்ந்தால் முதலில் பற்றரியை முன்னால் தள்ளுங்கள், பிறகு கட்டுப்படுத்தியை, பிறகு மற்றக் கருவிகளை. அதற்கும் மேல் வேண்டுமென்றால்தான் ஈயம். குருநகர்ப் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கலாம். சிறியதாகப் பார்த்து எடுத்து, மூக்கின் உள்ளே பசையிட்டு, மேலே துணித்துண்டு ஒட்டுங்கள். பறக்கும்போது கழன்ற ஈயக்குண்டு பற்சக்கரத்துக்குள் போனால் என்னாகும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் தொடமுடியாத அளவு சூடாகிவிடுகிறது. என்ன செய்வது?

பல்லைக் குறைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அதை மேலே சொல்லியிருக்கிறேன். அதன்பின் காற்றோட்டம். பங்குனி, சித்திரையில் நம் வெளிக்காற்றே 33, 34 பாகையில் நிற்கும். அடைத்த கூட்டுக்குள் கேட்க வேண்டாம். மூக்கின் அடியில் ஒரு துளை, இயந்திரப் புகைபோக்கி இருக்கும் இடத்தில் ஒரு துளை. உண்மையான ஹெலிகொப்டரில் துளை இருக்கும் இடங்களிலேயே வெட்டினால் அழகும் கெடாது. வெளியே போகும் துளை உள்ளே வரும் துளையைவிடப் பெரிதாக இருக்கட்டும். கட்டுப்படுத்தியை நுரைத்துண்டில் சுற்றி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். குளிருக்குப் போர்வை போலும்.

கூடு கீறி வெடித்துவிட்டது. படகு திருத்தும் பைபரால் ஒட்டலாமா?

ஒட்டலாம், கனக்கும். படகுக்குப் போடும் நார்ப்பாயில் சதுர மீற்றருக்கு 300 முதல் 450 கிராம் நார். நமக்கு வேண்டியது 50 முதல் 80 கிராம் நெய்த துணி. அது கிடைக்கும்வரை படகுப்பாயிலிருந்து நாரைப் பிரித்து, மெல்லியதாகப் பரப்பிச் சமாளித்திருக்கிறேன். உட்பக்கமாக ஒட்டுங்கள், வெளியே பூசிமெழுகித் தேய்க்கலாம். நுரையால் செய்த கூடு என்றால் படகுப் பிசின் அதைக் கரைத்துக் குடித்துவிடும். அதற்கு எப்பொக்சி மட்டும்தான்.

பெயின்ட் எங்கே அடிப்பது? இராணுவப் பச்சை அடித்துத் தரச் சொன்னால் அடிப்பார்களா?

கார் பெயின்ட் அடிக்கும் எந்தப் பட்டறையும் அடிக்கும். ஆனால் அவர்கள் கார் என்றே நினைத்து அடிப்பார்கள்; மூன்று பூச்சு, மேலே மினுக்கம், 450 ஹெலியின் முதுகில் நூறு கிராம் ஏறிவிடும். 400ஆம் இலக்க சான்ட்பேப்பர், பிறகு 600, மெல்லிய அடிப்பூச்சு, நிறம் ஒரு முறை. பக்கத்தில் நின்று "போதும்" என்று சொல்லுங்கள்.

பச்சையைப் பற்றி. என் முதற்கூடு அந்த நிறத்தில்தான் வந்தது. ஒரு பின்னேரம் வளவில் அரையாள் உயரத்தில் மிதக்க விட்டேன். வேலிக்கு அப்பால் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சி சுளகை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான் இறக்கி, மோட்டரை நிறுத்தியபிறகும் வெளியே வரவில்லை. சிதறிய மிளகாயை நானே பொறுக்கிச் சுளகில் வைத்தேன். அடுத்த கிழமை அதை வெள்ளையும் சிவப்புமாக மாற்றினேன், ஓசைப்பெட்டியையும் கழற்றினேன். சட்டம் ஒன்றும் தடுக்காமல் இருக்கலாம். நம் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களின் காதில் அந்த ஓசைக்கு வேறு வரலாறு இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா வருகிறார். பற்றரி கொண்டுவரச் சொல்லவா?

சொல்லலாம், கைப்பையில் மட்டும். தனிப் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் வைக்க விமானத்தில் விடமாட்டார்கள். 100 வாட்-மணி வரை பிரச்சினை குறைவு. கணக்கு எளிது: மூன்று செல் 2,200 மில்லியாம்பியர்-மணி என்றால் 11.1ஐ 2.2ஆல் பெருக்க, ஏறத்தாழ 24. ஆறு செல் 5,000 என்றால் 111. அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். முனைகளில் நாடா ஒட்டச் சொல்லுங்கள்.

வந்தபின் தகரக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம். ஒரு கிழமைக்குமேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள், 4.2இல் நிறைத்துவைத்தால் உப்பிவிடும். நான் சார்ஜ் செய்வது மணல் போட்ட மண்சட்டியில். பொங்கல் முடிந்து ஓரமாய்க் கிடக்கும் பானையும் போதும்.

எங்கே பறக்க விடுவது? யாரிடமும் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். ஆளில்லாமல் பறப்பவற்றுக்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் உண்டு. ட்ரோன் மட்டும்தான் அதில் அடங்கும் என்ற நினைப்பில் இருக்க வேண்டாம். வாங்குவதற்கு முன்பே நடப்பு விதியை விசாரியுங்கள். பலாலி 2019 ஒக்டோபரிலிருந்து சர்வதேச விமான நிலையம். அந்தப் பக்கமும், படைமுகாம், கோவில் வீதி, சனம் கூடும் இடம் எதன் பக்கமும் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயல். தெரிந்தவரின் காணி, காலை ஆறரை மணி, காற்றில்லை. சோளகம் பிடித்துவிட்டால் புரட்டாதி வரை பெரும்பாலும் கடைக்குள்தான். தை மாதம் வானம் பட்டங்களுடையது. நைலோன் நூல் றோட்டரில் சுற்றினால் பட்டமும் போகும், ஹெலியும் போகும், பட்டக்காரப் பொடியன்களின் நட்பும் போகும். எழும்பும் இடத்தில் ஒரு பலகையைப் போடுங்கள், மண் பெயரிங்குக்குள் போகாது. கடற்கரையில் பறந்தால் அன்றே துடைத்து எண்ணெய் இடுங்கள்.

நேராக மெதுவாகத்தான் இறக்கினேன். திடீரென்று கல்லுப்போல விழுந்தது. பற்றரியா?

பற்றரி இல்லை. றோட்டர் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அதே ஹெலி இறங்கினால், அந்தக் காற்று சுழன்று மேலே வந்து மறுபடி றோட்டருக்குள் புகும். அந்த நேரத்தில் பிளேட்டின் கோணத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாக விழும். உண்மையான ஹெலிகொப்டர்களையும் வீழ்த்தும் விஷயம் இது. எடை கூடி, மீதியாக இருக்கும் வலு குறைந்த ஹெலிக்கு மீள்வது கடினம். நீங்கள் கூடும் போட்டுச் சுற்றையும் குறைத்திருக்கிறீர்கள். செங்குத்தாக இறக்க வேண்டாம். முன்னோக்கி நகர்ந்தபடி, படி இறங்குவது போலச் சாய்வாக வாருங்கள். சிக்கிவிட்டால் முன்னே தள்ளிப் புதிய காற்றுக்குள் போங்கள்.

மொட்டையாக இருக்கும்போது வால் அசையவே இல்லை. கூடு போட்டதும் நடுங்குகிறது. கைரோவைக் குறைத்தும் சரிவரவில்லை.

கைரோவின் உணர்திறனைக் குறைத்துப் பார்த்தது சரிதான். அதற்கும் அடங்காவிட்டால் கைரோ பொய்யான அதிர்வைக் கேட்கிறது என்று பொருள். சட்டகம் கூட்டில் எங்கேயோ தொடுகிறது. கூடு நான்கு இறப்பர்த் தாங்கிகளில் மட்டும்தான் நிற்க வேண்டும். வால்குழாய் கூட்டின் வாலுக்குள் மிதக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் விலகியே தெரியும், சுற்றும்போதுதான் தொடும்.

என்னுடைய பெல் 206இலும் இதே நடுக்கம் இருந்தது. இரண்டு நாள் கைரோவைத் திட்டினேன், ஒரு சேர்வோவை வீணாக மாற்றினேன். மூன்றாம் நாள் கூட்டின் உள்விளிம்பு முழுவதும் சோக்குத்தூள் தடவிப் பூட்டி, பலகையிலிருந்து எழுப்பாமலே இருபது விநாடி சுற்றவிட்டுக் கழற்றினேன். சட்டகம் முழுவதும் கறுப்பாகவே இருந்தது. வால்குழாயைத் தாங்கும் தண்டின் ஒரு திருகாணித் தலையில் மட்டும் பச்சரிசி அளவில் வெள்ளை.